பதினாறு நாள் வாசிக்காத ஸ்கேல்

பியானோ எங்கள் வீட்டுக்கு வந்த நாளில் அதில் எனக்குப் பிடித்தது அதன்மேல் விரித்திருந்த பூப்போட்ட துணி மட்டும்தான். என் வீட்டுக்காரர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து எண்ணெய் ஆலைக்குக் குலை கொண்டுபோய்க் கொட்டுவது அவர் வேலை. ரவாங்கில் ஒரு சீனக் குடும்பம் வீடு மாறும்போது வேண்டாமென்று ஒதுக்கிய மின்பியானோவை, கூட்டாளி ஒருவரின் சின்ன லோரியில் போட்டுக்கொண்டு புக்கிட் செந்தோசாவில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சோபா வாங்கச் சொல்லியிருப்பேன் என்று அவருக்குத் தெரியும்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "நாம தோட்டத்து லயத்து வீட்டுல பொறந்தப்ப பியானோ சத்தம் கேட்டுக்கிட்டா பொறந்தோம்?" என்று கேட்டேன்.

"நீ உன் வாய்ச் சத்தம் கேட்டுக்கிட்டே பொறந்த. பாப்பாவுக்காச்சும் வேற சத்தம் கேக்கட்டும்லா" என்றார்.

பாப்பா என்றால் எங்கள் ஒரே மகள். அப்போது அவளுக்குப் பத்து வயது. கடைவீதி மாடியில் சொல்லிக்கொடுத்த சீன டீச்சரிடம் வாரம் ஒருமுறை போய்வந்தாள். நான் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறேன். நகக்கண் அளவு உலோகத் துண்டுகளைப் பார்த்துப் பொறுக்கிப் பெட்டியில் அடுக்கும் வேலை. பொழுதெல்லாம் விரலை வைத்துப் பிழைக்கிறவள் என்பதால், மகளும் விரலை வைத்து ஏதோ செய்யட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு மாதத்தில் ஏதாவது பாட்டு வாசிப்பாள், தீபாவளிக்கு வருகிறவர்கள் முன்னால் உட்காரவைத்துப் பெருமையடித்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு.

அவள் பாட்டு வாசிக்கவில்லை. ஸ்கேல் வாசித்தாள். தாழ்ந்த சுரத்திலிருந்து வரிசையாக ஒவ்வொரு கட்டையாக மேலே போய், அதே வழியாகக் கீழே இறங்குவது. வலது கை தனியாக, இடது கை தனியாக, பிறகு இரண்டும் சேர்ந்து. தினம் அரை மணி நேரம். சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்பேன். "ஏணியில ஏறி ஏறி எறங்குறியே, மேல என்னதான்டி இருக்கு?" என்று கத்துவேன். அவள் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருப்பாள்.

விஷயம் எல்லாம் கட்டைவிரலில் இருக்கிறது என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது. மனிதக் கையில் விரல் ஐந்து, ஸ்கேலில் சுரம் எட்டு. மூன்றாவது விரலுக்குப் பிறகு கட்டைவிரல் மற்ற விரல்களின் அடியில் நுழைந்து அடுத்த கட்டையைப் பிடிக்க வேண்டும். நுழைந்தது காதுக்குத் தெரியக்கூடாது. மோதிர விரல் பிறவியிலேயே சோம்பேறி. அதையும் மற்ற விரல் மாதிரியே விழவைக்க வேண்டும். முதலில் மெதுவாக, மெட்ரோனோம் என்கிற தாளக்கருவியின் ஒரு தட்டுக்கு நாலு சுரம் என்று வாசிக்கவேண்டும். மூன்று தடவை பிசகாமல் வந்தால் தட்டின் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றலாம். பிசகினால் இரண்டு படி கீழே இறங்க வேண்டும். டீச்சரின் சட்டம் அதுதான்.

அந்தத் தாளக்கருவி என் வீட்டுக்காரரின் கைக்குப் போய்விட்டது. போனிலேயே அதற்கு ஒன்று இருக்கிறது என்று மகள்தான் இறக்கிக்கொடுத்தாள். மாலை ஆறு மணிக்கு வேலையிலிருந்து வருவார். குளித்துவிட்டு, நான் போட்டுக்கொடுத்த கோப்பியோடு பியானோவுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். போன் தொடைமேல் 'டிக் டிக்' என்று தட்டும். வேகத்தை ஏற்றுவதும் இறக்குவதும் அவர்தான். பிசகினால் "கியர எறக்கு" என்பார். அவள் முறைத்துக்கொண்டே இறங்குவாள்.

அவருக்குச் சங்கீதம் ஒரு துளி தெரியாது. ஆனால் லோரி இஞ்சின் ஓடும்போது எதில் குறை என்று காதாலேயே சொல்கிறவர். மூடிய கண்ணோடு கேட்டுவிட்டு, "நாலு சிலிண்டர்ல ஒண்ணு சரியா அடிக்கல பாப்பா. நாலாவது நொண்டுது" என்பார். முதல் தடவை அவள் நம்பவில்லை. அடுத்த வகுப்பில் டீச்சரும் அவளுடைய நான்காவது விரலைப் பிடித்து இதுதான் பலவீனம் என்றாராம். அன்றிலிருந்து அப்பா சொன்னால் அவளுக்கு வேதவாக்கு. நான் சொன்னால் அம்மா கத்துகிறாள்.

இரண்டு கையும் சேர்த்து, எட்டெட்டுச் சுரமாக நாலு எட்டு மேலே போய் இறங்கி, நிமிடத்துக்கு நூற்றிருபது தட்டில் பிசகாமல் வந்தால் பெரிய கிரேடு பரீட்சைக்குப் போகலாம் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அந்த எண் என் வீட்டுக்காரருக்குப் பிடித்துப்போயிற்று. "என் லோரி எண்பதத் தாண்டுனா சம்மன் வந்துரும். நம்ம வீட்டுல ஒருத்தராச்சும் நூத்தி இருபதுல போகட்டும்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். கேட்கிறவர்களுக்கு என்ன ஏது என்று புரியாது. மகளுக்கு லைசன்ஸ் எடுக்கிற வயசாகிவிட்டதா என்று ஒருவர் என்னிடமே விசாரித்தார்.

ஒன்றை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அந்த அரை மணி நேரம் எனக்குப் பிடிக்கவில்லை. சத்தம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அந்த நாற்காலிக்கும் அந்தப் பியானோவுக்கும் இடையில் எனக்கு இடமில்லை என்பது. நான் கூடத்துக்குள் வந்து நின்றால் இருவரும் ஒரே மாதிரி திரும்பிப் பார்த்துவிட்டு ஒரே மாதிரி குனிந்துகொள்வார்கள். நான் பெற்ற பிள்ளையின் மேல், நான் கட்டிய புருஷன் மேல், வெளியே சொல்ல வெட்கப்படும்படி ஒரு பொறாமை எனக்கு இருந்தது. அதைத்தான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கத்தித் தீர்த்தேன்.

அவளுக்குப் பதினாறு வயது நடக்கும்போது, ஆலையில் குலை இறக்கிக்கொண்டிருந்தவருக்கு நெஞ்சு வலி வந்தது. மருத்துவமனையில் பதினொரு நாள் கிடந்தார். நான் லீவு போட்டு அவரோடு இருந்தேன். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் தேர்வு. தினம் வரமுடியாது. ஆறு மணி அடித்தால் போன் வரும். பியானோ மேல் போனை நிறுத்திவைத்துவிட்டு அவள் வாசிப்பாள். அவர் என் போனைத் தலையணையில் காதோரம் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். பக்கத்துக் கட்டில் மலாய்க்காரப் பெரியவர் இது என்ன மந்திரமா என்று என்னிடம் கேட்டார். மகள் படிக்கிறாள் என்று சொல்லிவைத்தேன். வேறெப்படி விளக்குவது?

நூற்றி நாலில் தொடங்கினாள். நூற்றியெட்டு வந்தது. பதினோராம் நாள் நூற்றிப் பன்னிரண்டு.

"எப்படிப்பா?"

"நல்லாருக்கு. நாலாவது இன்னும் கொஞ்சம் நொண்டுது."

"நீங்க வீட்டுக்கு வாங்க. நூத்தி இருபதுல போட்டுக் காட்டுறேன்."

"அவசரப்படாத. நான் வந்து கேக்குறேன்" என்றார்.

மறுநாள் காலை வீட்டுக்கு வந்தார். வேனில், பெட்டிக்குள் வந்தார். விடியும்போது இரண்டாவது தடவை நெஞ்சு வலி வந்ததில் டாக்டர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. எனக்கு அன்றைய நாள் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. யாரோ என் கையில் மைலோ கிளாஸைத் திணித்தார்கள். யாரோ வாசலில் கூடாரம் போட்டார்கள். மகள் அழாமல், வருகிறவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தாள். அதைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. அழவேண்டிய பிள்ளை ஏன் நாற்காலி தூக்குகிறது என்று கோபம். செத்துப்போனவர் மேல் இருந்த கோபமும் அதில் சேர்ந்திருக்கும்.

அவருடைய அக்கா, என் நாத்தனார், சபாக்கிலிருந்து வந்து பதினாறு நாளும் எங்களோடு தங்கினார். தாய் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். நல்ல மனுஷி. சடங்கு சம்பிரதாயத்தில் மட்டும் ஒரு இம்மி விட்டுக்கொடுக்கமாட்டார். கூடத்தில் பியானோவுக்குப் பக்கத்தில்தான் இடம் இருந்தது. அங்கே சின்ன மேஜை போட்டுப் படம் வைத்து விளக்கேற்றினார். செம்பில் தண்ணீர் வைத்தார். "பதினாறாம் நாள் காரியம் முடியிற வரைக்கும் தம்பி இந்த வீட்டுலதான் இருக்கும். வெளக்கு அணையக் கூடாது. வேளா வேளைக்கு அதுக்குப் பிடிச்சத வெச்சு, வாய் தொறந்து கூப்புடணும்" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

நானும் செய்தேன். காலையில் கட்டிப்பால் கோப்பி. மதியம் சோறு, நெத்திலி சம்பல். "வாங்க, வந்து சாப்புடுங்க" என்று படத்தைப் பார்த்துக் கூப்பிட்டேன். உயிரோடு இருந்தபோது "சோறு ஆறுது" என்று கத்தியதைத் தவிர அவரை இப்படி மரியாதையாக நான் கூப்பிட்டதில்லை. தொலைக்காட்சியைத் துணி போட்டு மூடினோம். ரேடியோவின் வயரைப் பிடுங்கினோம். பியானோமேல் பூப்போட்ட துணி இருந்தபடியே இருந்தது. மகள் படிக்கட்டில் உட்கார்ந்து நான் கோப்பி வைப்பதையும் சோறு வைப்பதையும் கூப்பிடுவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் மாலை ஆறு மணி. வீடு நிறைய ஆட்கள். வாசலில் கூடாரத்துக்கடியில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் சமையலறையில் இருந்தேன். திடீரென்று கூடத்திலிருந்து ஸ்கேல் கேட்டது. இரண்டு கையும் சேர்ந்து, முழுச் சத்தத்தில், மேலே போய்க் கீழே வந்தது. போன் 'டிக் டிக்' என்று தட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு நாலாவது நொண்டவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஆறு வருஷம் கேட்ட காது, எனக்கே அது தெரிந்தது.

வெளியே பேச்சு நின்றுவிட்டது. நாத்தனார் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, "என்னா இது? அப்பன் போயி மூணு நாளு ஆவல, மக மேளம் வாசிக்குது" என்றார். கூடத்திலிருந்த பெண்கள் என்னைப் பார்த்தார்கள். நான் பெற்ற பிள்ளையை நான் வளர்த்த லட்சணத்தைப் பார்த்தார்கள் என்றுதான் அன்று நினைத்தேன். போய்ப் பியானோவின் சுவிட்சை அணைத்தேன்.

"மூடு."

"பாட்டு இல்லம்மா. ஸ்கேல்."

"எதுவா இருந்தாலும் சத்தம் சத்தந்தான். வாசிச்சே ஆவணும்னா காதுல ஹெட்ஃபோன மாட்டிக்கிட்டு வாசி. யாருக்கும் கேக்காது."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஹெட்ஃபோன் போட்டா அப்பாவுக்கு எப்படிம்மா கேக்கும்?"

அவள் நாத்தனார் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. "அத்தை, நீங்கதானே சொன்னீங்க அப்பா இங்கதான் இருக்காருன்னு. கோப்பி வெக்கிறீங்க, சோறு வெக்கிறீங்க, கூப்புடுறீங்க. சாப்புட வர்றவரு கேக்கமாட்டாரா? நான் நூத்தி இருபதுல போட்டுக் காட்டுறேன்னு அவருக்குச் சொல்லியிருக்கேன். இன்னும் பதிமூணு நாள்தான இருக்கு?"

நாத்தனார் அழ ஆரம்பித்துவிட்டார். அந்த நிமிடத்தில் நான் சும்மா இருந்திருந்தால் போதும். அவரே சமாதானமாகி, வாசித்துக்கொள் என்று சொல்லியிருப்பார் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. நான் சும்மா இருக்கவில்லை. குனிந்து சுவரிலிருந்து அடாப்டரைப் பிடுங்கினேன். வயரைச் சுருட்டிக் கொண்டுபோய் அலமாரியில் சேலைகளுக்கடியில் வைத்துப் பூட்டினேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். என் மகள் வாயை மூட எனக்கு ஒரு அலமாரிச் சாவி போதுமாக இருந்தது.

மறுநாள் ஆறு மணிக்குக் கூடத்தில் 'தொக் தொக்' என்று ஏதோ இடிபடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். உயிரில்லாத பியானோவில் அவள் வாசித்துக்கொண்டிருந்தாள். கரண்டு இல்லாத கட்டைகள் மேலிருந்து கீழே விழும் வெறும் சத்தம். சுரம் கேட்காமல், விரல்கள் ஒரே அளவாக விழுகின்றனவா என்று எப்படித் தெரியும்? அவளுக்கும் தெரியவில்லை. நடுவில் நிறுத்தி, கையை உதறி, மறுபடி தொடங்குவாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. நாத்தனாரும் தடுக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

அப்படியே பன்னிரண்டு நாள். ஒவ்வொரு நாளும் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். அலமாரிக்கும் எனக்கும் நடுவே பத்து அடிகூட இருக்காது. எழுந்து போய்ச் சாவியைத் திருப்பி அந்த அடாப்டரை எடுத்துக் கொடுத்திருந்தால் முடிந்தது. பிடித்த பிடியை விட எனக்கு மனமில்லை. நாலு பேர் முன்னால் சொன்னதை மாற்றினால் என் பேச்சுக்கு மதிப்பிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். துக்க வீட்டில் சத்தம் கூடாது என்பது பாதிக் காரணம்தான். மீதிப் பாதியை அப்போதே உள்ளுக்குள் அறிந்திருந்தேன். அவர் செத்த பிறகாவது அந்த நாற்காலிப் பக்கம் நான் மட்டும் இருக்கவேண்டும் என்று நினைத்தேன். கோப்பி வைப்பதும் கூப்பிடுவதும் என்னுடையவை. அந்தப் பதினாறு நாளும் அவர் எனக்கு மட்டும் சொந்தமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். இதை எழுதக் கை கூசுகிறது.

பதினாறாம் நாள் விடிந்ததும் கோல சிலாங்கூர் ஆற்றங்கரைக்குப் போனோம். நாத்தனாரின் மகன் காரியம் செய்தான். பண்டாரம் மந்திரம் சொல்லி, பிண்டத்தை ஆற்றில் விடச்சொன்னார். "அவர் போயிட்டாரு. இனிமே திரும்பிப் பாக்காம நடங்க" என்றார். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். பக்கத்தில் வந்துகொண்டிருந்த மகள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். அவளைக் கண்டித்து நாலு வார்த்தை சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அன்று ஏனோ சொல்லவில்லை.

வீட்டைக் கழுவினோம். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். தொலைக்காட்சித் துணியை எடுத்தாயிற்று. சபாக்குக்குப் புறப்பட்டு நின்ற நாத்தனார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இனிமே புள்ளைய வாசிக்கச் சொல்லு. தம்பிக்கு அது உசுரு" என்றார். எனக்கும் மனம் லேசானது. சேலைகளுக்கடியிலிருந்து அடாப்டரை எடுத்துவந்து நானே செருகினேன். நானே சுவிட்சைப் போட்டேன். சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. பிளாஸ்டிக் நாற்காலியைக்கூடத் துடைத்துவைத்தேன். பிறகு மகளைக் கூப்பிட்டேன்.

"இந்தா, வாசி. இனிமே யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

அவள் பியானோவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் எதிர்த்துச் சத்தம் போட்டிருப்பேன்.

"இப்ப யாருக்கும்மா?" என்றாள். "அப்பாவத்தான் காலையில அனுப்பிட்டு வந்துட்டமே."

அதோடு அவள் வாசிப்பதை நிறுத்திவிட்டாள். டீச்சர் இரண்டு தடவை போன் செய்தார். பரீட்சைத் தேதி வந்து போனது. அவள் என்னோடு பேசாமல் இருக்கவில்லை. சாப்பிட்டாள், படித்தாள், என் துணியையும் சேர்த்துத் துவைத்தாள். கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொன்னாள். ஆறு மணி ஆனால் மட்டும் குளிக்கப் போய்விடுவாள். வெகு நேரம் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். பக்கத்து வீட்டு மலாய் அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, உங்கள் பிள்ளை ஏன் இப்போதெல்லாம் வாசிப்பதில்லை, அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கு அடுப்புப் பற்றவைக்கும் நேரம் தெரியும் என்று கேட்டார். யார் என்ன நினைப்பார்களோ என்று நான் பயந்த அக்கம்பக்கம் அதுதான். உள்ளே வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

ஒன்பது மாதம் போயிருக்கும். வருஷம் திரும்பும்போது செய்யும் தலைத்திவசத்துக்கு நாள் பார்க்க நாத்தனார் போன் செய்தார். அன்றைக்கு அவருக்குப் பிடித்ததெல்லாம் வைத்துக் கூப்பிடவேண்டும், வருஷத்துக்கு ஒருமுறை வருவார் என்றார். வருவார் என்ற சொல் எனக்குள் ஒட்டிக்கொண்டது. அன்று மாலையே மகளிடம், "திவசத்தன்னிக்கு அப்பா வருவாரு. அன்னிக்கு வாசிக்கிறியா?" என்று கேட்டேன். நான் அவளிடம் கெஞ்சிக் கேட்ட முதல் காரியம் அதுதான்.

"வேணாம்மா. கை வரல" என்றாள்.

அதற்குமேல் வற்புறுத்த எனக்கு வாயில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் டியூஷனுக்குப் போன பிறகு நான் பியானோ முன்னால் உட்கார்ந்தேன். அவளுடைய பழைய புத்தகத்தில் சுரங்களுக்குமேல் பென்சிலில் விரல் எண்கள் எழுதியிருந்தன. ஒன்று இரண்டு மூன்று, ஒன்று இரண்டு மூன்று நாலு ஐந்து. நாற்பத்தேழு வயதில் ஸ்கேல். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று எனக்கே சிரிப்பு வந்தது.

தொழிற்சாலையில் என் விரலின் வேகத்தைப் பார்த்து சூப்பர்வைசர் புதுப் பெண்களை என் பக்கத்தில் உட்காரவைப்பார். அந்த விரல்கள் இங்கே மரக்கட்டை. கட்டைவிரல் அடியில் நுழையப்போய் முழங்கை வெளியே போகும், தோள் காது வரைக்கும் ஏறும். மோதிர விரலைத் தூக்கச்சொன்னால் பக்கத்து விரலையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்தது. நாற்பது தட்டில், ஒரு தட்டுக்கு ஒரே ஒரு சுரம் வைத்துத் தொடங்கினேன். வெட்கமாக இருந்ததால் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டேன்.

மகள் ஒருநாள் சீக்கிரம் திரும்பிவிட்டாள். நான் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது கதவருகே பையோடு நின்றிருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்கக்கூடியது கட்டைகள் இடிபடும் 'தொக் தொக்' மட்டும்தான். எவ்வளவு நேரம் நின்றாளோ. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்கு விட்டுவிடலாமா என்று நினைத்தேன். மறுநாள் மறுபடி உட்கார்ந்தேன். பிசகினால் கியரை இறக்கினேன். சொல்ல ஆளில்லாததால் நானே சொல்லிக்கொண்டேன்.

திவசத்துக்குள் எனக்கு வந்ததெல்லாம் வலது கை மட்டும், ஒரே ஒரு எட்டு, அறுபது தட்டில். அவள் பத்து வயதில் இரண்டாவது மாதமே தாண்டிய இடம் அது.

திவசத்தன்று சபாக்கிலிருந்து நாத்தனார் குடும்பம் வந்தது. வாழையிலையில் சோறு, மீன் குழம்பு, நெத்திலி சம்பல், கட்டிப்பால் கோப்பி எல்லாம் வைத்துச் சூடம் காட்டினோம். "வாங்க, வந்து சாப்புடுங்க" என்று கூப்பிட்டேன். இலையில் இருப்பதை அவர் சாப்பிட நேரம் விட்டு எல்லோரும் ஒதுங்கி நிற்கவேண்டும். எல்லோரும் ஒதுங்கினார்கள். நான் போய்ப் பியானோ முன்னால் உட்கார்ந்து துணியை எடுத்தேன். ஹெட்ஃபோனைப் பிடுங்கிக் கீழே வைத்தேன். நாத்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

மூன்றாவது விரலுக்குப் பிறகு கட்டைவிரல் நுழைந்துவிட்டது. மேலே போகும்போது மோதிர விரலில் தடுக்கி, சத்தமே வரவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். மறுபடி அங்கேயே தடுக்கியது. மூன்றாவது தடவை மேலே போய்விட்டேன். கீழே வந்துவிட்டேன். அழகாக இல்லை. எட்டுச் சுரமும் இருந்தன, அவ்வளவுதான். கண்ணீரில் கட்டைகள் தெரியவில்லை. "இவ்வளவுதாங்க எனக்கு வந்துச்சு. புள்ள வாசிக்கவேண்டியத நான் தடுத்துட்டேன். மன்னிச்சுக்குங்க" என்று படத்தைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். பெற்ற பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கும் பழக்கம் எங்கள் வீடுகளில் கிடையாது. அதனால் செத்தவரிடம் சொல்லும் சாக்கில் சொன்னேன்.

மகள் சமையலறை வாசலிலிருந்து வந்தாள். என் பக்கத்தில் குனிந்து, கட்டைகள்மேல் கிடந்த என் கையை எடுத்து என் மடியில் வைத்தாள். அவள் வாசிக்கப்போகிறாள் என்று நினைத்து நான் நகர்ந்து இடம்விட்டேன். அவள் உட்காரவில்லை.

"அன்னிக்கு நீங்க விட்டிருந்தாலும் எனக்கு நூத்தி இருபது வந்திருக்காதும்மா" என்று என் காதருகே மெதுவாகச் சொன்னாள். "பதிமூணு நாள்ல எப்படி வரும்? வந்திருக்காது."

அது பொய். மூன்றாம் நாள் அவள் கை எப்படி ஓடியது என்று நான் கேட்டவள். நூற்றிப் பன்னிரண்டிலிருந்து இன்னும் இரண்டு படிதான் பாக்கி இருந்தது. அவளுக்கும் அது தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும். பதினேழு வயதுப் பிள்ளை, பெற்றவளைத் தேற்றுவதற்காக, அப்பாவுக்குக் கொடுத்த வாக்கை எட்டவே முடியாத ஒன்றாக்கிச் சொல்லிவிட்டாள். "ஆமாம்மா, வந்திருக்காது" என்று தலையாட்டி அந்தப் பொய்யை வாங்கிக்கொண்டேன். அவளிடமிருந்து அதற்குமேல் எதையும் கேட்க எனக்கு உரிமை இல்லை.